25 அடி வண்டி போதும், வான்கூவர் வேண்டாம்

கேள்வி: எனக்கு 65 வயது, கணவருக்கு 69. இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஸ்கார்பரோவில் இருக்கிறோம். வரும் செப்டம்பரில் கால்கரிக்கு விமானத்தில் போய், அங்கே 30 அடி மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பான்ஃப், ஜாஸ்பர், வான்கூவர், ஃபெரியில் விக்டோரியா, திரும்பும்போது ஒகனாகன் என்று 16 நாளில் சுற்றிவர வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் இதுவரை ஓட்டியது கார் மட்டும்தான். நானும் கார் ஓட்டுவேன், ஆனால் இவ்வளவு பெரிய வண்டியைத் தொடவே பயமாக இருக்கிறது. எனக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறேன். வலது முழங்காலும் சரியில்லை. கரடி பயம் வேறு. எல்லாவற்றையும்விட, நான் ஊர் பார்க்கப் போகிறேனா, ஓடுகிற சமையலறையில் வேலைக்குப் போகிறேனா என்றே தெரியவில்லை. இதைச் சொன்னால் அவர் மனம் உடைந்துபோவார். இந்த வயதில் இது சரிப்படுமா? பேசாமல் காரை எடுத்துக்கொண்டு ஹோட்டலில் தங்கிவிடலாமா?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

போகலாம். ஆனால் இந்தத் திட்டத்தோடு போக வேண்டாம்.

மோட்டார்ஹோமில் போகிறவர்களுக்கு வழி வகுத்துக் கொடுப்பதும், வண்டி எடுக்க வருகிறவர்களுக்கு அதைக் கையாளச் சொல்லிக் கொடுப்பதும் கால்கரியில் என் தொழில். வருகிறவர்களில் ஓய்வு பெற்ற தம்பதிகள் நிறைய. 70 தாண்டியவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பி வருவதைப் பார்க்கிறேன். அவர்களைவிட இருபது வயது இளையவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்து சாவியைக் கொடுப்பதையும் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறார்கள், வண்டி வேலைகளை எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள் என்பதைக் கேட்டாலே பயணம் எப்படிப் போயிருக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அதனால் நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கும் அந்தச் சமையலறைக் கேள்விக்கே முதலில் வருகிறேன்.

மோட்டார்ஹோமில் வேலை உள்ளேயும் உண்டு, வெளியேயும் உண்டு. முகாமில் போய் நின்றதும் வண்டியை மட்டமாக நிறுத்த வேண்டும், மின்கம்பியைச் செருக வேண்டும், தண்ணீர்க் குழாயை மாட்ட வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சானி டம்ப் என்று எழுதியிருக்கும் இடத்தில் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்ய வேண்டும். கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்துவிட்டு, அப்புறம் குளியல், பாத்திரத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். கையுறை போட்டுக்கொண்டு செய்தால் சிறிய வேலைதான். உள்ளே சமையல், பாத்திரம், படுக்கை, கிளம்பும் முன் ஒவ்வோர் அலமாரியும் இழுப்பறையும் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. வெளிவேலை ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். உள்வேலை மூன்று வேளையும் வரும். ஓட்டி முடித்த களைப்பில் அவர் வெளியே நாற்காலி போட்டு உட்காருவார், நீங்கள் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பீர்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பேசி வைத்துக்கொள்ளாததால் அப்படி ஆகிவிடுகிறது.

ஆகவே பேசி வையுங்கள். வண்டி நகர்கிற நாளில் சமையல் கிடையாது என்பது நான் எல்லாருக்கும் சொல்வது. முதல் நாள் இரவே புளிச்சாதமோ தயிர்ச்சாதமோ தயார் செய்துகொள்ளலாம், இல்லாவிட்டால் ரொட்டியும் சூப்பும் போதும். ஒரே இடத்தில் தங்கும் நாட்களில் மட்டும் அடுப்பு. பாத்திரம் அவர் பொறுப்பு. அதில் ஒரு நன்மையும் இருக்கிறது: தொட்டி எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது என்பது பாத்திரம் கழுவுகிறவருக்குத்தான் புரியும், அதைக் காலி செய்யப் போகிறவரும் அவரே. எண்ணெயையும் சோற்றுப் பருக்கையையும் தொட்டியில் விடாமல் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவச் சொல்லுங்கள். தாளிக்கும்போது மேலே உள்ள விசிறியை ஓடவிட்டு ஜன்னலையும் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் புகை அலாரம் முகாமையே எழுப்பிவிடும். கால்கரியின் வடகிழக்கில் நம் சாமான் விற்கும் கடைகள் நிறைய உண்டு. பொடி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஸ்கார்பரோவிலிருந்து சுமக்க வேண்டாம்.

இனி வழி. உங்கள் கணவர் சொல்லும் சுற்று, கிளைச் சாலைகளையும் சேர்த்தால் 2,500 கிலோமீட்டரைத் தொடும். காரில் அது பெரிய விஷயம் இல்லை. மலைச் சாலையில் மோட்டார்ஹோமில் அது வேறு கணக்கு. ஏற்றத்தில் லாரிகளோடு லாரியாக ஊர்வீர்கள், இறக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவீர்கள், பெட்ரோலுக்கு நின்றால் அதுவே அரை மணி நேரம். ஒரு நாளில் 300 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், பிற்பகல் 3 மணிக்குள் முகாமில் நின்றுவிட வேண்டும், முடிந்தால் ஓரிடத்தில் 3 இரவு தங்க வேண்டும் என்று இங்கே மோட்டார்ஹோம்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் இருவருக்கும் அது பொருந்தும். 300 என்பதை 200 ஆக்கினால் இன்னும் நல்லது.

அப்படிப் பார்த்தால் வான்கூவரும் விக்டோரியாவும் இந்தப் பயணத்தில் இடம் பெற முடியாது. மலை அழகுக்காகத்தானே இவ்வளவு பெரிய வண்டி? அதை வான்கூவர் நெரிசலில் ஓட்டி, நிறுத்த இடம் தேடி அலைவதில் ஒரு சுகமும் இல்லை. ஃபெரியிலும் வண்டியின் நீளத்துக்கு ஏற்பக் கட்டணம் ஏறும். விக்டோரியா அழகான ஊர். இன்னொரு முறை விமானத்தில் போய் ஹோட்டலில் தங்கி, மெதுவாக நடந்து பாருங்கள்.

நான் சொல்லும் சுற்று இது. கால்கரியில் இறங்கிய அன்றே வண்டியை எடுக்காதீர்கள், ஒரு இரவு ஹோட்டலில் தூங்கி எழுந்து மறுநாள் எடுங்கள். அங்கிருந்து பான்ஃப் 130 கிலோமீட்டர்கூட இல்லை, அகலமான நெடுஞ்சாலை, கை பழக நல்ல தூரம். அங்கே டனல் மவுண்டன் முகாமில் மூன்று இரவு. ஊருக்குள் போக ரோம் (Roam) என்ற உள்ளூர்ப் பேருந்து இருக்கிறது, வண்டியை அசைக்கவே வேண்டியதில்லை. அடுத்து லேக் லூயீஸ். ஏரிக்கரை வரை மோட்டார்ஹோமை ஓட்டிப் போய் இடம் தேட வேண்டாம். மொரெய்ன் ஏரிச் சாலையில் 2023 முதல் சொந்த வண்டிகளுக்கு அனுமதியே இல்லை. இரண்டுக்கும் பூங்கா நிர்வாகத்தின் ஷட்டில் பேருந்தில் முன்கூட்டியே இடம் பதிவு செய்யுங்கள். லேக் லூயீஸ் முகாமுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை, இரவில் சரக்கு ரயில்கள் போகும். தூக்கம் லேசானவர் என்றால் அங்கே ஒரு இரவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லேக் லூயீஸிலிருந்து ஜாஸ்பர் வரை ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே, சுமார் 230 கிலோமீட்டர். இந்தப் பயணமே அதற்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. அதை மூன்று மணி நேரத்தில் ஓட்டி முடிக்கலாம், ஆனால் ஒரு முழு நாளைக் கொடுங்கள். போ ஏரி சாலையை ஒட்டியே இருக்கிறது. கரையில் நிறுத்தி, உங்கள் மேசையிலேயே சாப்பிட்டு, உங்கள் கட்டிலிலேயே அரை மணி நேரம் படுத்துவிட்டுக் கிளம்பலாம். காரும் ஹோட்டலும் இதைத் தரமுடியாது. அதபாஸ்கா பனியாறு சாலையிலிருந்தே தெரியும். சன்வாப்டா, அதபாஸ்கா நீர்வீழ்ச்சிகள் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து சிறிது தூரம்தான், உங்கள் முழங்கால் தாங்கும். வழி முழுக்கப் பெரும்பாலும் செல்போன் எடுக்காது. பெட்ரோல் சஸ்காச்சுவான் கிராஸிங்கில் மட்டும்தான், விலையும் அதிகம். லேக் லூயீஸிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள்.

ஜாஸ்பரில் மூன்று இரவு. 2024 ஜூலையில் வந்த காட்டுத்தீயில் அந்த ஊரின் கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிந்துபோனது. கருகி நிற்கும் மரங்களைப் பார்ப்பீர்கள், முகாம்களிலும் முன்பிருந்த நிழல் இல்லை. அதற்காக அந்த ஊரைத் தவிர்க்காதீர்கள். வீடு இழந்தவர்கள் திரும்பி வந்து கடை நடத்துகிறார்கள். அவர்களுக்கு வருகிறவர்கள் வேண்டும்.

ஜாஸ்பருக்கு மேற்கே மவுண்ட் ராப்சன், கனடிய ராக்கி மலைகளில் உயரமானது, 3,954 மீட்டர். அதைப் பார்த்துவிட்டு வேல்மவுண்டில் ஒரு இரவு, அடுத்த நாள் கிளியர்வாட்டர். அங்கே வெல்ஸ் கிரே பூங்காவில் 141 மீட்டர் விழும் ஹெல்ம்கென் நீர்வீழ்ச்சியை, வண்டியை நிறுத்திவிட்டுச் சில அடி நடந்தாலே பார்க்கலாம். பிறகு காம்லூப்ஸ். அங்கிருந்து வான்கூவர் பக்கம் போகாமல், 1ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே திரும்பிவிடுங்கள். வழியில் கிரெய்கெலாக்கி: 1885 நவம்பர் 7 அன்று கனடியன் பசிபிக் ரயில் பாதையின் கடைசி ஆணியை அடித்த இடம், நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது. ரெவல்ஸ்டோக், ரோஜர்ஸ் பாஸ், கோல்டன், ஃபீல்டு வழியாக மீண்டும் கால்கரி. கோல்டனுக்குக் கிழக்கே மலையை ஒட்டிய குறுகிய பகுதி முன்பு பலரைப் பயமுறுத்தியது. 2023 இறுதியில் அதை நான்கு வழிச் சாலையாக அகலப்படுத்தி முடித்துவிட்டார்கள். ஃபீல்டு அருகே டக்காக்கா நீர்வீழ்ச்சிக்குப் போகும் சாலையில் மட்டும் ஊசிமுனை வளைவுகள் உண்டு, அதில் மோட்டார்ஹோமை ஏற்ற வேண்டாம். மொத்தச் சுற்று 1,500 கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். எடுத்த இடத்திலேயே விடுவதால் வேறு ஊரில் விடும் கட்டணமும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, உங்களுக்கு அது முக்கியம்: பான்ஃப், ஜாஸ்பர், கிளியர்வாட்டர், காம்லூப்ஸ், ரெவல்ஸ்டோக், கோல்டன் என்று இந்த வழியில் வரும் ஊர்களில் மருத்துவமனை இருக்கிறது.

வண்டி 30 அடி வேண்டாம், 25 அடி போதும். இரண்டு பேருக்கு அதற்கு மேல் தேவையில்லை. முகாமில் இடம் கிடைப்பதும் சுலபம். ஆனால் எடுக்கும் முன் கட்டில் எப்படி இருக்கிறது என்று வரைபடத்தைப் பாருங்கள். ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ள கட்டில் ஏணி ஏறிப் போக வேண்டியது, அது உங்களுக்கு ஆகாது. பின்னால் மூலையில் சுவரோடு ஒட்டிய கட்டில் என்றால், உள்பக்கம் படுப்பவர் நடுராத்திரியில் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் இறங்க வசதியுள்ள கட்டிலையே கேளுங்கள். ஏறும் படியும் உயரமாக இருக்கும், மடித்து வைக்கிற சிறு படிக்கட்டு ஒன்றை வாங்கி வாசலில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டுவதைப் பற்றி அவரிடம் நீங்கள் அவசியம் பேச வேண்டும். இந்த அளவு வாடகை வண்டிக்கு கார் ஓட்ட அவர் வைத்திருக்கும் ஜி லைசென்ஸே போதும் என்பதால் பலர் இதையும் கார் என்று நினைத்துவிடுகிறார்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நீண்டிருக்கும். வலப்பக்கம் திரும்பும்போது அந்த வால் இடப்பக்கம் வீசும், பக்கத்துக் கம்பத்தில் இடிப்பது அப்படித்தான். உயரம் 12 அடி அளவில் இருக்கும். சரியான அளவைக் காகிதத்தில் எழுதிக் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள். பெட்ரோல் பங்க் கூரை, மரக்கிளை, டிரைவ் த்ரூ இவற்றில் கூரை உரசினால் பெரும்பாலான வாடகை இன்சூரன்ஸ் அதை ஏற்பதில்லை. அந்தப் பக்கத்தை மட்டுமாவது கையெழுத்துப் போடும் முன் இருவரும் சேர்ந்து படியுங்கள்.

இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கக் கூடாது. பிரேக் சூடேறினால் பிடிக்காமல் போகும். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, டோ ஹால் (Tow/Haul) என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்தி அல்லது கியரைக் குறைத்து, என்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி விட வேண்டும். பார்க்வேயில் பனிக்களத்தைத் தாண்டி டாங்கிள் நீர்வீழ்ச்சிப் பக்கம் இறங்கும்போது இது உதவும். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் பதற வேண்டாம், அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிடச் சொல்லுங்கள்.

நீங்களும் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள் அம்மா. முழு நாளும் ஓட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் இரண்டாவது ஓட்டுநராக உங்கள் பெயரைச் சேர்த்து, ஒரு காலி மைதானத்தில் பழகி, நேரான சாலையில் கொஞ்சத் தூரம் ஓட்டிப் பாருங்கள். செல்போன் எடுக்காத பார்க்வே நடுவில் அவருக்கு நெஞ்சு வலி வந்தால் வண்டியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோக ஒருவர் வேண்டும். ஓட்ட உட்காரும் முன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள், கைக்கெட்டும் இடத்தில் ஜூஸ் இருக்கட்டும்.

பின்னோக்கி நிறுத்துவதில்தான் பல தம்பதிகளுக்குள் சண்டை வருகிறது. முன்பதிவு செய்யும்போதே புல் த்ரூ இடம், அதாவது ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் இடம் கேளுங்கள். அது கிடைக்காத நாளில் நீங்கள் இறங்கி நின்று கையால் காட்டுங்கள். நீங்கள் கண்ணாடியில் தெரியாவிட்டால் அவர் உடனே நிறுத்திவிட வேண்டும், இதில் வாதம் கூடாது.

கரடிக்குப் பயப்படுவது நல்லதுதான், ஜாக்கிரதையாக இருப்பீர்கள். மோட்டார்ஹோம் சுவருக்குள் நீங்கள் பத்திரமாக இருப்பீர்கள். வாசனைதான் அதை வரவழைக்கும். சட்டி, எண்ணெய், குப்பை, பழத்தோல், பாத்திரம் கழுவிய தண்ணீர் எதையும் வெளியே விடாதீர்கள். நம் சமையல் வாசனை தூரம் போகும், அதனால் வெளியே சமைக்காமல் உள்ளேயே சமையுங்கள். கரடியைக் கண்டால் 100 மீட்டர், எல்க் மானைக் கண்டால் 30 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. செப்டம்பரில் நான் கரடியைவிட எல்க்கைப் பற்றித்தான் அதிகம் எச்சரிப்பேன். அது அவற்றின் இணைசேரும் காலம், ஆண் எல்க் மனிதர்கள் மேல் பாயும். படமெடுக்க நெருங்கிப் போக அவரை விடாதீர்கள். கரடி ஸ்பிரேயைக் கால்கரியில் வாங்குங்கள், விமானத்தில் கொண்டுவர முடியாது.

இன்சுலினுக்கு இந்த வண்டி வசதியானது, எப்போதும் கூடவே குளிர்பெட்டி இருக்கிறது. ஆனால் அந்தச் சிறிய பெட்டியில் குளிர் ஒரே சீராக இருக்காது. உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. உறைபெட்டியை ஒட்டி வைக்காமல் கதவுத் தட்டில் வையுங்கள், சிறு தெர்மாமீட்டர் ஒன்றும் உள்ளே இருக்கட்டும். இருவரில் யாராவது, தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காற்றுச் செலுத்தும் சி-பேப் கருவி வைத்துத் தூங்குகிறவர் என்றால் மின் இணைப்பு உள்ள இடத்தையே எல்லா இரவுக்கும் பதிவு செய்ய வேண்டும். முகாம்களில் இரவில் ஜெனரேட்டர் ஓட்ட விடமாட்டார்கள். உங்கள் ஒன்டாரியோ ஹெல்த் கார்டு ஆல்பர்ட்டாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் மருத்துவமனைச் சிகிச்சைக்குச் செல்லும், ஆம்புலன்சுக்குச் செல்லாது. மலைப் பகுதியில் ஹெலிகாப்டரில் தூக்க வேண்டி வந்தால் தொகை பெரிதாகும். அதற்கு ஒரு பயண இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள்.

ஹோட்டலா, மோட்டார்ஹோமா என்று கேட்டிருந்தீர்கள். பணத்தை மிச்சப்படுத்த மோட்டார்ஹோம் என்றால் வேண்டாம். வாடகை, கிலோமீட்டர் கட்டணம், முகாம் கட்டணம், 100 கிலோமீட்டருக்கு 20 முதல் 25 லிட்டர் வரை குடிக்கும் பெட்ரோல் எல்லாம் சேர்ந்தால் கார், ஹோட்டல் செலவுக்குக் குறையாது. தேசியப் பூங்காவுக்குள் முகாமைத் தவிர வேறெங்கும் வண்டியில் இரவு தூங்கவும் முடியாது. ஆனால் நினைத்த இடத்தில் கழிப்பறை, நேரத்துக்குச் சாப்பாடு, மருந்து, படுக்கை எல்லாம் கூடவே வருவது உங்கள் உடல்நிலைக்கு நல்ல வசதி. அதனால்தான் உங்களைப் போகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மே அல்லது ஜூனில் இதே அளவு வண்டியை ஒரு வார இறுதிக்கு எடுத்து, உங்கள் வீட்டுக்குக் கிழக்கே பக்கத்தில் இருக்கும் டார்லிங்டன் மாகாணப் பூங்காவில் இரண்டு இரவு தங்கிப் பாருங்கள். அவர் பாத்திரம் கழுவட்டும், நீங்கள் மைதானத்தில் வண்டியை ஓட்டுங்கள். கால்கரி வண்டியை ரத்து செய்யக்கூடிய விதத்தில் பதிவு செய்து வைத்தால், அந்த இரண்டு இரவுக்குப் பிறகும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களிடம் இருக்கும். அவர் மனம் உடைந்துபோவார் என்று எழுதியிருந்தீர்கள். பயணத்தின் நான்காம் நாள் ஜாஸ்பர் போகும் வழியில் நீங்கள் அழுதால்தான் அவர் மனம் உடையும். இப்போது சொன்னால் திட்டம் மட்டும்தான் மாறும். இந்தப் பதிலையே அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பான்ஃப், ஜாஸ்பர் முகாம்களுக்கான முன்பதிவு வழக்கமாக ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில், பூங்காவுக்கு ஒரு நாள் என்று திறக்கும். தேசியப் பூங்காக்களை நடத்தும் பார்க்ஸ் கனடாவின் இணையதளத்தில் கணக்கை இப்போதே தொடங்கிவிடுங்கள். திறக்கும் அன்று காலையில் இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து, 25 அடி, மின் இணைப்பு என்று தேடுங்கள். ஜாஸ்பரில் கிடைக்காவிட்டால் கிழக்கே ஹின்டனில் தனியார் முகாம்கள் உண்டு. தொழிலாளர் தின விடுமுறை முடிந்த மறுநாள் முதல் கூட்டம் குறையும், கோடைக் காட்டுத்தீப் புகையும் பெரும்பாலும் தணிந்திருக்கும், அப்போது தொடங்குங்கள். அக்டோபர் 1 முதல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச் சாலைகளில் குளிர்கால டயர் கட்டாயம். செப்டம்பர் 25-க்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி தேதி போடுங்கள்.